சின்னதொர கேரியரைத் திறந்த நாள்

சந்தேகம் என் உடம்போடு பிறந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். தராசு முள் நிற்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துத்தான் நான் வெங்காயம் வாங்குவேன். சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்யும்போது, என் ஒரு கண் வாசலில் விட்ட செருப்பின் மேல் இருக்கும். அப்படிப்பட்ட என்னையே ஒரு மனிதர் மாதக்கணக்கில் தூங்கவிடாமல் செய்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் பரணிதரன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் பின்னும் எங்கள் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாக நின்றவர்.

அவரிடம் ஒரு அடுக்கு கேரியர் இருந்தது. நாலு தட்டு, பித்தளை, பிடியில் ஏதோ யானை முகம். நாங்கள் எல்லோரும் காலை டிபன் கனக்கும் டப்பாவோடு வந்து, மதியம் காலி டப்பாவைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு போகிறவர்கள். இவர் கேரியர் மட்டும் தலைகீழ். காலையில் வரும்போது கடகடவென்று ஆடிக்கொண்டு வரும். மதியம் ஷிப்ட் முடிந்து போகும்போது ஆடாமல், அசையாமல், அவர் தோளை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இதை முதலில் கவனித்தது நான்தான். இந்த ஜெனிபர் கண்ணுக்குத் தப்பி இந்தக் கேட்டில் எதுவும் போனதில்லை.

எங்கள் காலனிக்காரர்கள் யாரும் அவரைப் பரணிதரன் என்று சொல்வதில்லை. சின்னதொர என்பார்கள். அவர் தாத்தா பெரியதொர. தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் ஏரிக்கரையிலிருந்து ரயில் லைன் வரை அவர்கள் நிலம்தான். அந்த நிலத்தில் எங்கள் ஆட்கள் கூலி. கம்பெனி கேட் இருக்கிற இடத்தில்தான் பெரியதொரயின் நெற்களம் இருந்தது என்று என் அப்பா பாக்கியநாதன் சொல்வார். அப்பாவுக்கு எந்த இடத்தைக் காட்டினாலும் அது களம்தான். அதனால் அதை நான் முழுசாக நம்புவதில்லை.

ஆனால் களத்தில் நடந்ததை நம்புகிறேன். கதிரடித்து முடித்து வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் களத்து வாசலில் நின்று உதறிக் காட்ட வேண்டும். ஆண்கள் துண்டை உதற வேண்டும். பெண்கள் மடியை அவிழ்த்து உதறி, கொண்டையையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு பிடி நெல் விழுந்தாலும் அன்றைய கூலி கிடையாது. பெரியதொர நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். பக்கத்தில் அரை டவுசர் போட்ட பேரன் நிற்பான், கையில் முறுக்கு இருக்கும். முறுக்கைக் கடித்துக்கொண்டு எங்கள் பெண்களின் கொண்டை அவிழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையன்தான் இந்தப் பரணிதரன்.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நில உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம் போனது. பங்காளிச் சண்டையில் கொஞ்சம் போனது. மிச்சத்தை அப்பன்காரர் சென்னைக்கும் கோர்ட்டுக்குமாக அலைந்து கரைத்தார். சின்னதொர பி.காம். பாதியில் நின்றார். சித்தூர்ப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார், பிள்ளை இல்லை. ரைஸ் மில் வைத்தார், மூடினார். பிறகு ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அந்தக் கூத்தைக் கேளுங்கள். பழைய ஆட்கள் அவர் வண்டியில் ஏறவே மாட்டார்களாம். சின்னதொர ஓட்ட நாம் பின்னால் உட்காருவதா என்று கூசிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நிற்பார்களாம். இளசுகளோ, இவன் குடும்பம் பண்ணினதற்கு இவன் வண்டியில் ஏறுவதா என்று முறைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு நிற்பார்களாம். மரியாதையும் கோபமும் சேர்ந்து ஆட்டோவைப் படுக்க வைத்துவிட்டன.

அடுத்து பிளாட் புரோக்கர் வேலை. சுண்ணாம்பு அடித்த கல் நட்ட மனைகளைச் சென்னைக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவார். "இது முன்னாடி யார் நெலம் சார்?" என்று கேட்டால், "தெரிஞ்சவங்களோடது" என்பாராம். தன் தாத்தா நிலத்தைத்தான் அப்படிச் சொன்னார் என்பது வாங்கினவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

பிறகு அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் செய்கிற வேலையில் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. அட்டை. அட்டை இருந்தால்தான் அந்த வைத்தியம் காசில்லாமல் நடக்கும். அதனால்தான் அறுபது வயசுக்கு மேல் நீலச் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தார். வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் அந்த அம்மா போய்விடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் எங்களுக்கு இரக்கம் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் வரவில்லை.

எப்படி வரும்? எங்கள் பையைச் சோதிப்பதுதான் அவர் வேலை. பாருங்கள் கொடுமையை. தாத்தா உட்கார்ந்து பார்த்ததை இவர் நின்றுகொண்டு பார்க்கிறார்.

"பையைத் தொறம்மா."

"தொரக்கு பழைய ஞாபகம் வந்துட்ச்சா?" என்று நான் கேட்பேன்.

என் முகத்தைப் பார்க்க மாட்டார். பைக்குள் கை விடாமல் லத்தி நுனியால் துணியைத் தூக்கிப் பார்ப்பார். நாங்கள் தொட்ட பையை அவர் கையால் தொட மாட்டாராம், அப்படித்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்கள் டீயைக் குடித்ததில்லை. பிறந்தநாளுக்குக் கேக் நீட்டினால் "சுகர்" என்பார். கேண்டீனில் செக்யூரிட்டிகளுக்கும் சாப்பாடு உண்டு, அதுவும் இலவசம். இவர் மட்டும் ஒரு நாளும் அங்கே தட்டேந்தி நின்றதில்லை. மற்ற செக்யூரிட்டிகள் சாப்பிடப் போகும்போது இவர் கேட் ரூமில் கதவைச் சாத்திக்கொள்வார்.

கேண்டீனில் சமைப்பது எங்கள் காலனி கன்னியம்மா. அறுபதை நெருங்கும் பொம்பளை, ஆனால் அண்டாவைத் தனியாக இறக்குவார். நான் அக்கா என்பேன். அவர் அம்மாவும் அந்தக் களத்தில் கொண்டையை அவிழ்த்துக் காட்டியவர்தான். காலனிக்காரி சமைத்ததைச் சின்னதொர தின்பாரா? ஆகையால்தான் கேரியர். அப்படி நினைத்து விட்டுவிட்டேன். ஆனால் காலையில் காலியாக வருகிற கேரியரில் என்னத்தைத் தின்கிறார்? மதியம் என்னத்தை நிரப்பிக்கொண்டு போகிறார்? அதுதான் உறுத்தியது.

அப்போதுதான் செம்பு ஒயர் காணாமல் போக ஆரம்பித்தது. சுருள் சுருளாகப் போனது. எச்.ஆர். மோகன்ராஜ் எல்லோரையும் கூட்டி வைத்துக் கத்தினார். இனிமேல் டப்பாவைத் திறக்க வேண்டும், துப்பட்டாவை உதற வேண்டும், தண்ணீர் பாட்டிலைக்கூடக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். செய்தோம். ஒவ்வொரு நாளும் கேட்டில் நின்று துப்பட்டாவை உதறும்போது சின்னதொர முகத்துக்கு நேராகவே உதறுவேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இன்னிக்கும் உதறினியா?" என்று மட்டும் கேட்டார்.

இத்தனைக்கும் செம்பு போய்க்கொண்டேதான் இருந்தது. யார் மேல் சந்தேகம் வரும்? காலியாக வந்து கனத்துப் போகிற கேரியர் ஒன்றுதானே இருந்தது? லைனில் எல்லோர் காதிலும் போட்டேன். எடுத்தே பழகின கை, சும்மா இருக்குமா என்றேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

இதற்கு நடுவில் ஜப்பானிலிருந்து ஹிராய்வா வந்திருந்தார். எங்கள் மெஷின்களைச் சரிபார்க்கும் வயசான இஞ்சினியர். அவருக்கு மொழி பெயர்க்க ஸ்நேகா, திருநின்றவூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வரும் சின்னப் பெண். ஒரு நாள் ஸ்நேகா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சின்னதொர கதையை ஹிராய்வாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் ஹிராய்வா கேட்டில் காரை நிறுத்தி இறங்கி, சின்னதொரக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னார். நாங்கள் ஷிப்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? எங்களைத் துப்பட்டா உதறச் சொல்லும் ஆளுக்குக் கம்பெனியே கும்பிடு போடுகிறது! சின்னதொர பயந்துபோய் லத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

மதியம் கேண்டீனில் நான் விடவில்லை. கன்னியம்மாக்காவும் கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். "ஏம்மா ஸ்நேகா, அவருக்கு எதுக்கு இவரு குனியணும், கேளு" என்றேன். ஹிராய்வா சிரித்துவிட்டு, மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கதை சொன்னார். ஜப்பான்காரர் சும்மா கதை சொல்வாரா, அடுத்து ஓவர்டைம் கேட்பார் என்றுதான் நான் உட்கார்ந்து கேட்டேன்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் சீமைக்கு ஒரு பிரபு இருந்தாராம். கோட்டை, கத்தி கட்டிய ஆட்கள், குடியானவன் விளைத்த நெல்லில் பெரும்பங்கு. திடீரென்று காலம் மாறியது. நிலத்தையும் குடிகளையும் சக்கரவர்த்தியிடமே திருப்பிக் கொடு என்றார்கள். ஹிராய்வாவின் ஊர்ப் பிரபுவும் கொடுத்தார். கொஞ்ச நாள் அவரையே அந்த ஊருக்கு அதிகாரியாக வைத்தார்கள். பிறகு அதுவும் வேண்டாம், தலைநகரத்தில் வந்து குடியிரு என்றார்கள். அவர் உச்சிக்குடுமியை அறுத்தார். கோட்டை மரத்தை விறகுக்கு விற்றார்கள்.

"தானா எவனாவது நெலத்தைக் குடுப்பானா?" என்று கன்னியம்மாக்கா குறுக்கே விழுந்தார். "உள்ள இன்னாவோ கீது."

ஸ்நேகா அதை மொழிபெயர்த்ததும் ஹிராய்வா தலையை வேகமாக ஆட்டினார். அவர்கள் ஊர்க் குடியானவர்களும் அதையேதான் சொன்னார்களாம். பிரபு ஊரை விட்டுக் கிளம்பும் அன்று பல்லக்கை மறித்து, எங்களை விட்டு எதை எடுத்துக்கொண்டு போகிறாய் என்று திரையை விலக்கிப் பார்த்தார்களாம்.

"உள்ள இன்னா இருந்துச்சாம்?"

"ஆறிப்போன சோறு" என்றாள் ஸ்நேகா.

அந்தப் பிரபு பிறந்ததிலிருந்து சூடான சோறு தின்றதே இல்லையாம். யாராவது விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயம். முதலில் ஒரு ஆள் தின்று பார்ப்பான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் இவருக்குப் போகும். அதற்குள் ஆறிவிடும். தலைநகரத்தில் சின்ன வீட்டுக்குக் குடிபோன பிறகும், வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்ற பிறகும், தின்று பார்க்கிற அந்த ஒரு ஆளை மட்டும் அவர் விடவில்லை. ஒரு நாள் அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். காய்கறி விற்கும் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தில் சுடச்சுடச் சோறு கொண்டுவந்து வைத்தாள். பிரபு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பசி தாங்காமல் தின்றார். நாக்கு வெந்துபோனது, கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னைக் கொல்லணும்னு நெனைக்கக்கூட இனிமே யாரும் இல்ல" என்று சொல்லி அழுதாராம்.

"அந்தத் தின்னு பாக்குற ஆளு சாரோட பாட்டனுக்குப் பாட்டன்" என்றாள் ஸ்நேகா. "காய்ச்சல்ல இருந்து எழுந்து வந்து, அய்யா தனியா தின்னுட்டாருன்னு கேட்டதும் அவரும் அழுதாராம். அதோட அவருக்கு வேல இல்ல இல்ல? பிரபு வீட்டு ஆளுங்கள பார்த்தா இன்னும் குனிஞ்சே பழக்கம்னு சொல்றாரு."

நான் கன்னியம்மாக்காவைப் பார்த்தேன். கதை முடிவதற்குள் அவர் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. "எனக்குப் பாத்திரம் கெடக்கு" என்று எழுந்து போய்விட்டார். எப்போதும் கடைசிவரை உட்கார்ந்து வம்பு பேசுகிறவர். அது ஏன் என்று அன்றைக்கே எனக்கு ஒரு முள் குத்தியது. ஆனால் அதைவிடப் பெரிய முள் ஒன்று அந்தக் கதையிலேயே கிடைத்துவிட்டது. பல்லக்கையே திறந்து பார்த்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு கேரியரைத் திறக்கக் கூடாதா?

தொழிலாளர் கமிட்டியில் நானும் இருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "எங்களை மட்டும் உதறச் சொல்றீங்களே, செக்யூரிட்டிய யாரு செக் பண்றது?" மோகன்ராஜ் பேனாவை மூடி மூடித் திறந்தார். கடைசியில், சரி, செக்யூரிட்டிகளையும் சோதிக்கலாம், கமிட்டி சார்பில் ஒருவர் சோதிக்கட்டும் என்றார். யார் என்று கேட்க வேண்டுமா? கூட்டமே என்னைக் காட்டியது. அன்று இரவு அப்பாவிடம் சொன்னபோது அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சின்னதொரயை அந்த வாசலிலேயே உதறவைக்கப் போகிறேன்.

மறுநாள் மதியம் ஷிப்ட் மாறும் நேரம். வெளியே போகிறவர்களும் உள்ளே வருகிறவர்களும் கேட்டில் குவிந்திருந்தார்கள். யாரும் நகரவில்லை, விஷயம் பரவிவிட்டது. மோகன்ராஜ் நின்றார். ஹிராய்வாவும் ஸ்நேகாவும்கூட வந்துவிட்டார்கள். சின்னதொர கேட் ரூமிலிருந்து கேரியரோடு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"கேரியரைத் தொறங்க தொர" என்றேன்.

"சாப்பாட்டுப் பாத்திரம்மா."

"எங்களோடதும் சாப்பாட்டுப் பாத்திரம்தான். தெனம் தொறக்கறோம்."

அவர் கை பிடியை விடவில்லை. மோகன்ராஜ் கிட்டே வந்து, "பரணிதரன், இப்ப தொறக்கலன்னா நாளைலேர்ந்து வர வேணாம்" என்றார். சின்னதொர கேரியரை என்னிடம் நீட்டினார். கொக்கியைத் தள்ளினேன். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட் ரூம் மேஜையில் வைத்தேன்.

சோறு. இன்னொரு தட்டிலும் சோறு. சாம்பார். அடித்தட்டில் முட்டைக்கோஸ் பொரியல். செம்பு என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை.

யாரோ பின்னால் "அய்யே" என்றார்கள். நான் விடுகிற ஆளா? சாம்பாரைப் பார்த்தேன். பரங்கிக்காய் தோலோடு கிடந்தது. பரங்கிக்காயைத் தோலோடு போடுவது எங்கள் கேண்டீனில் மட்டும்தான்.

"இது நம்ம கேண்டீன் சோறு" என்றேன்.

மோகன்ராஜ் முகம் மாறியது. அவருக்குச் செம்பு கிடைக்கவில்லை, ஆனால் ஒரு திருடன் கிடைத்துவிட்டான். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கேண்டீனில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அண்டாவில் மிஞ்சியது சமைத்தவர் இஷ்டம். இது எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனால் கம்பெனிக்கும் தெரியும். கன்னியம்மாக்காவிடம் டப்பாவை நீட்டி "அக்கா, பசங்களுக்கு" என்று நாங்களும் அவ்வப்போது ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு போகிறோம். கேட்டு வாங்கினால் அது சாப்பாடு. கேட்காமல் அள்ளினால் திருட்டு.

மோகன்ராஜும் அதைத்தான் கேட்டார். "சமைச்சவங்க குடுத்தாங்களா? இல்ல நீங்களா எடுத்தீங்களா? குடுத்தாங்கன்னா போய்ட்டே இருங்க. எடுத்தீங்கன்னா இன்னியோட வேல இல்ல. எது?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை நிற்கும், அட்டை நிற்கும், வீட்டில் படுத்திருக்கிற அம்மா பிழைக்கும். சின்னதொர தரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அத்தனை பேரும் அவருடைய தாத்தா களத்தில் உதறினவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

"நான்தான் எடுத்தேன்" என்றார். "யாரும் குடுக்கல."

கூட்டம் சலசலத்தது. பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன் என்று யாரோ என் தோளைத் தட்டினார்கள். எனக்கோ சின்னதொர சொன்னது பிடிபடவில்லை. இவ்வளவு லேசாகவா ஒருவன் திருடன் என்று ஒப்புக்கொள்வான்? இதில் என்னவோ இருக்கிறது. அடித்தட்டிலிருந்து ஒரு விரல் பொரியலை எடுத்து வாயில் போட்டேன். உப்பே இல்லை. அன்றைக்குக் கேண்டீனில் நானும்தான் முட்டைக்கோஸ் தின்றேன், உப்பு சரியாக இருந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குத்தான் உப்பில்லாமல் சமைப்பார்கள். அப்படியானால் உப்புப் போடுவதற்கு முன்னால் யாரோ இவருக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அள்ளிக்கொண்டு ஓடுகிறவனுக்கு யார் அப்படி எடுத்து வைப்பார்கள்?

"சார், இவரு பொய் சொல்றாரு. இத ஒருத்தங்க பக்குவம் பாத்துக் குடுத்திருக்காங்க" என்றேன்.

"குடுத்தது நான்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கன்னியம்மாக்கா கூட்டத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஈரம் சொட்டியது. அவர் மோகன்ராஜைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சின்னதொர முன்னால் போய் நின்றார்.

"இன்னா தொர, திருடன்னு சொல்லிக்க வாய் வருது. கன்னியம்மா குடுத்தான்னு சொல்ல வாய் வரலியா?"

"நீ போம்மா" என்றார் சின்னதொர மெதுவாக.

"எங்க போறது? மத்தவங்க மாதிரி வந்து டப்பாவ நீட்டினா இன்னா கொறஞ்சி பூடும்? இவுரு வரமாட்டாரு. கேரியரைப் பின்கதவாண்ட வச்சிட்டுத் திரும்பி நின்னுக்குவாரு. அதோட உட்டாரா? மொத நாளு இன்னா சொன்னாரு தெரியுமா? 'நீ ஒரு வாய் தின்னு காட்டு'ன்னாரு. நான் எதையாவது கலந்துடுவேனாம்! அன்னிலேர்ந்து தெனம் ஒரு வாய் தின்னு காட்டிக்கினுதான் போடறேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "எங்கம்மா இவுரு ஊட்டுப் பின்னாடி நின்னு கூழு வாங்குனா. இப்ப இவுரு நம்ம பின்கதவாண்ட நிக்கறாரு. அத நெனச்சி எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி. அதுக்காகத்தான் போட்டேன், நான் ஒன்னும் நல்லவ இல்ல. ஆனா இன்னிக்கு, என் கையால தின்னத சொல்றதுக்கு பதிலா திருட்டுப் பட்டமே மேலுன்றாரு பாரு, அதான் எனக்குத் தாங்கல."

ஸ்நேகா இதையெல்லாம் ஹிராய்வாவின் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஊட்ல அந்தம்மா கீது" என்றார் கன்னியம்மாக்கா. குரல் இறங்கிவிட்டது. "அதுக்காகவாவது வாயத் தொற தொர. சொல்லு. யாரு குடுத்தா?"

சின்னதொர தொப்பியைக் கழற்றினார். அது அவர் கையிலேயே இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல். சொல்லித் தொலையேன் மனுசா என்று கத்தவேண்டும் போல இருந்தது.

"கன்னியம்மா குடுத்தாங்க" என்றார். "நான் கையேந்தி வாங்கிக்கினேன்."

பிறகு யாரும் கேட்காததை ஒன்று செய்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு நுனியையும் பிடித்து, எங்கள் எல்லோர் முன்னாலும் உதறினார். முன்பக்கம் உதறினார், திருப்பிப் பிடித்துப் பின்பக்கமும் உதறினார். என் அப்பா எங்கள் வீட்டு வாசலில் ஒரு முறை செய்து காட்டியதும் அப்படியே இதே மாதிரிதான். அந்தச் சின்ன வயசில் முறுக்கைத் தின்றாலும் சின்னதொர எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார். ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த ஒரு காட்சிக்காக நான் எத்தனை ஆசைப்பட்டேன், வந்தபோது எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. கேரியரை அடுக்கிக் கொக்கி மாட்டி அவர் கையில் கொடுத்தேன்.

"போங்க. அந்தம்மா பசியா இருப்பாங்க" என்றேன்.

செம்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். குப்பை ஏற்றிப் போகிற லாரியில் கழிவுக்கு அடியில் இருந்தது. எங்கள் துப்பட்டாவையெல்லாம் உதறிப் பார்த்தவர்கள் அந்த லாரியின் தார்ப்பாயை ஒரு நாளும் தூக்கிப் பார்த்ததில்லை. லாரியை விட்டது யார் என்று விசாரித்ததில் ராத்திரி ஷிப்ட் செக்யூரிட்டி மாட்டினார். கம்பெனி அந்த செக்யூரிட்டி காண்டிராக்டையே ரத்து செய்தது. தப்பே செய்யாத சின்னதொரயின் வேலையும் அதோடு போனது. மறுபடி அதே அட்டைப் பிரச்சினை.

இந்த முறை யாரும் அவரைச் சொல்லச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவரே கேண்டீனுக்கு வந்தார். பின்கதவு வழியாக இல்லை, நாங்கள் வரிசையில் நிற்கிற முன்வாசல் வழியாக. கன்னியம்மாக்காவிடம் போய், "எனக்கு ஒரு வேல குடும்மா, காய் நறுக்கத் தெரியும்" என்றார். காய் நறுக்கத் தெரியாது, அது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. கேண்டீன் காண்டிராக்டரிடம் சண்டை போட்டு அவரைச் சேர்த்துவிட்டது அக்காதான். பிடித்தம் உண்டு. அட்டை நிற்கிறது. அந்த அம்மா வாரத்துக்கு இரண்டு முறை ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய் வருகிறார்.

காய் நறுக்கத் தெரியாத ஆளுக்கு அக்கா வேறு வேலை கொடுத்திருக்கிறார். தினமும் மணி அடிப்பதற்கு முன்னால், அண்டாவிலிருந்து ஒரு கரண்டி கொதிக்கிற சாம்பாரை ஊற்றி அவர் முன்னால் வைப்பார். "உப்பு பாத்துச் சொல்லு தொர" என்பார். அத்தனை பேர் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். சின்னதொர ஊதி ஊதிக் குடித்துவிட்டு, நாக்கைச் சப்பிக்கொண்டு, "சரியா கீது" என்று தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பரிமாறுவார்கள்.

எல்லோரும் சிரித்துக்கொண்டு தட்டை நீட்டுகிறார்கள். நான் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகுதான் என் தட்டை நீட்டுவேன். அதனால் எனக்கு மட்டும் சோறு எப்போதும் ஆறித்தான் போகிறது.